எளிது, மிக எளிது, இதைவிட எளிது இல்லை

வருஷத்துக்கு ஒரு முறை என் அப்பாவுக்கு அந்த மெயில் வரும். "இருக்கிறீர்களா?" என்று ஒரே ஒரு வரி. அனுப்புவது இருப்புறுதி அலுவலகம். அன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் போட வேண்டும். போட்டால் அடுத்த வருஷம் வரை இருக்கலாம். போடாதவர்கள் இருப்பதில்லை.

சட்டப்படி இந்தக் கேள்வியை யார் யாரிடம் மெயிலில் கேட்டாலும் விதி இதுதான். ஆனால் அலுவலகத்தைத் தவிர யாரும் யாரையும் கேட்பதில்லை. அதனால் ஜனங்களுக்கு இது பெரிய தொந்தரவாக இல்லை.

போன வருஷம் எங்கள் தெருவில் இரண்டு பேர் இல்லாமல் போனார்கள். ஒருவர் மெயிலைப் பார்க்கவில்லை. இன்னொருவர் பதிலை எழுதி முடித்துவிட்டு அனுப்ப மறந்துவிட்டார். அவருடைய வேட்டி இன்னும் மாடியில் காய்கிறது. எடுப்பதற்கு ஆள் இல்லை.

அப்பாவுக்குப் பதில் போடுவது நான்தான். என் பெயர் சுகந்தி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்களின் மெயிலுக்கெல்லாம் பதில் போடுவது என் பிழைப்பு. ஒரு நாளைக்கு இருநூறு மெயில் போடுவேன். அதில் ஒன்றாக அப்பாவுடையதையும் போட்டுவிடுவேன். மூன்று வருஷமாக அப்படித்தான் நடந்தது. இருக்கிறீர்களா என்று நான் அவரிடம் கேட்டதில்லை. இருக்கிறார் என்று நானாக வைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் மெயிலின் அடியில் பொடி எழுத்தில் புதிதாகச் சில வரிகள் இருந்தன. பதிலை இருப்பவரே போட வேண்டும். கைபேசியில் போட வேண்டும். இருக்கும் மூன்று மெயில் செயலிகளில் எது எளிதோ அதில் போட வேண்டும். எது எளிது என்று வாரிசு நேரில் வந்து ஒப்பிட்டு எழுதித் தர வேண்டும்.

அப்பா பெயர் சென்னியப்பன். வயது எழுபத்து நான்கு. தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்தவர். கைபேசியில் அவருக்குப் பச்சைப் பொத்தான் தெரியும், சிவப்புப் பொத்தான் தெரியும். மற்றதெல்லாம் உன் பாடு என்பார்.

மெயில் வந்ததும் அப்பா வீட்டுக்குப் போய், இருக்கிறாரா என்று பார்க்க அவரை எடை மிஷினில் ஏறி நிற்கச் சொன்னேன். ஏறினார். முள் அசையவில்லை. இறங்கினார். அப்போதும் அசையவில்லை.

"மிஷின் ரிப்பேரா அம்மிணி?" என்றார்.

"மிஷின் நல்லாத்தான் இருக்குதுப்பா. நீங்கதான்."

"செரி, கெளம்பலாம்" என்று சட்டையை மாட்டினார்.

அலுவலகம் என் கம்பெனிக்கு அடுத்த கட்டடம். பதினோரு வருஷமாக அந்த வழியாகத்தான் போய் வருகிறேன். அங்கே ஒரு கட்டடம் இருப்பதை நான் கவனித்ததே இல்லை. லிஃப்டில் மாடி எண்கள் கிடையாது. உள்பெட்டி, வரைவு, அனுப்பியவை, குப்பை என்று நான்கு பொத்தான்கள் இருந்தன. ஒப்பீட்டுப் பிரிவு வரைவுக்கும் அனுப்பியவைக்கும் நடுவில். இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். லிஃப்ட் ரொம்ப நேரம் பக்கவாட்டில் போனது.

பிரிவு அதிகாரி பெயர் தெய்வானை. ஐம்பது வயதிருக்கும். மேஜைமேல் பூத்தையலிட்ட துணி விரித்து, அதன்மேல் ஒரு முத்திரைக் கட்டை வைத்திருந்தார். என்னை மட்டும் பார்த்தார்.

"அப்பா வரலீங்களா?"

"இதோ நிக்கறாருங்க மேடம்."

"நிக்கறாருன்னு நீங்க சொல்றீங்க" என்று எழுதிக்கொண்டார். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார். மூன்று கட்டங்கள். எளிது. மிக எளிது. இதைவிட எளிது இல்லை. செயலிகளின் பெயர்கள் அவைதாம். "மூணும் மூணு ரூம்ல இருக்குதுங்க. உள்ள போயிப் பாத்துட்டு நெரப்பிக் குடுங்க."

"எளிமைய எதுல அளக்கறதுங்க?"

"உங்க தொழில்ல எதுல அளப்பீங்களோ அதுலதானுங்க."

என் கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. அது எப்போதும் தொங்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் தொங்கும். பனியன் அளவு அரை சென்டிமீட்டர் கூடக்குறைய இருக்கலாம், அதற்கு மேல் இருந்தால் பீஸ் ரிஜெக்ட். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் ஓட்டிவிட்டேன். இன்றைக்கும் ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். மணி இரண்டேகால்.

முதல் கதவில் எளிது என்று எழுதியிருந்தது. வாசலில் ஒருவர் மூன்று குச்சிகளைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றின்கீழ் ஒன்றாக, செயலியின் மூலையில் இருக்கும் மூன்று கோடுகள் மாதிரி.

"இது எதுக்குங்க?" என்று அப்பா கேட்டார்.

"எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குதுங்க."

"அத எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியுமுங்க" என்றார். பிறகு கடவுச்சொல் கேட்டார். அப்பா கொஞ்சம் யோசித்துத் தன் பெயரைச் சொன்னார்.

"அது ஏற்கெனவே இருக்குதுங்க. வேற சொல்லுங்க."

"ஏனுங்க, அது நாந்தானுங்களே?"

"ஆமாங்க. அதனாலதான் ஏற்கெனவே இருக்குது."

அப்பா எதையோ சொல்லி அதைத் தாண்டினார். அடுத்து அவர் மிஷின் இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. ஒன்பது படங்களைச் சுவரில் மாட்டினார்கள். பஸ் உள்ள படங்களைத் தொட வேண்டும். அப்பாவின் முகம் மலர்ந்தது. முப்பத்தொரு வருஷம் பார்த்த வேலை.

"இது நாலாம் நம்பரு. எட்டு நிமிஷம் லேட்டு. இது பல்லடம் வண்டி, டிரைவர் மாத்தி ஏறியிருக்கறான். இந்த வண்டி இந்த நேரத்துல இங்க நிக்கவே கூடாதுங்க."

குச்சிக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இத்தன கரெக்டாச் சொன்னா அது மிஷினுதானுங்க" என்று கதவைச் சாத்தினார்.

நான் பதறிவிட்டேன். அப்பாவின் காதருகே போய், "ஒண்ணத் தப்பாச் சொல்லுங்கப்பா" என்றேன்.

"அதெப்படி அம்மிணி? வண்டியப் போயி வண்டியில்லேங்கறதா?"

"எனக்காகச் சொல்லுங்க."

அப்பா கடைசிப் படத்தைப் பார்த்தார். அதில் ஒரு தண்ணீர் லாரி இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "பஸ்" என்றார். கதவு திறந்தது. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். எனக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தது.

உள்ளே நீளமான கூடம். கடைசியில் பதில் என்று எழுதிய ஜன்னல். டேப் வைத்து அளந்தேன். அறுபது அடி. அப்பா நடக்க ஆரம்பித்ததும் தொண்ணூறு ஆனது. நின்றார். அறுபதுக்கு வந்தது. கூடம் முழுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள்தாம் மெயில்கள். அப்பா வழி விடச் சொல்லி ஒருவரின் தோளை இடது பக்கமாக லேசாகத் தள்ளினார். அந்த ஆள் இல்லை. அவர் நின்ற இடத்தில் தரை மட்டும் இருந்தது.

"ஐயோ, எங்கீங்க போனாரு?" என்று அப்பா குனிந்து தரையைத் தடவினார்.

"ஆர்க்கைவ்ங்கற காப்பகத்துக்குங்க. இடது பக்கம் தள்ளுனா அப்படித்தானுங்க" என்றார் குச்சிக்காரர். "அழியல. இருக்கவும் இல்ல. எல்லாம்னு ஒரு கதவு இருக்குது பாருங்க, அதுக்குள்ள இருப்பாரு."

அந்தக் கதவை நான் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. உள்ளே பதினாலாயிரம் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எல்லாம் எனக்கு வந்த மெயில்கள்; எல்லாரையும் எனக்குத் தெரிந்தது. முன்வரிசையில் என்னோடு காலேஜில் படித்த பூரணி. கையில் கல்யாணப் பத்திரிகை.

"பூரணி, நீ எப்ப வந்த?"

"ஆறு வருஷம் ஆச்சு. அப்பறமாப் பாக்கறேன்னு ஓரமாத் தள்ளி விட்டுட்டயே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "எனக்குப் பையன் பொறந்து ஸ்கூலுக்கே போறான். அந்த மெயிலு எனக்குப் பின்னால நிக்குது பாரு."

"பாக்கறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். வழக்கமாகச் சொல்வதையே சொல்லியிருக்கிறேன் என்பது சாத்திய பிறகு உறைத்தது. திரும்பவும் திறக்கத் தைரியம் வரவில்லை. முதல் கட்டத்தில், நுழையவே நாற்பது நிமிடம், அளவு நிலையாக இல்லை, ரிஜெக்ட் என்று எழுதினேன்.

இரண்டாவது அறை சின்னது. ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் மூன்று பொத்தான்கள்.

"இது ரொம்ப ஈஸிங்க. நீங்க எழுதவே வேண்டாம். பதில நானே மூணு வெச்சிருவேன். ஒண்ணத் தொட்டாப் போதும்."

நன்றாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. ஓர் அடி தூரத்தில் வேலை முடிந்துவிடும். இருக்கிறீர்களா என்ற கேள்வியை அவரிடம் கொடுத்தோம். பொத்தான்களின்மேல் எழுத்துகள் வந்தன. நன்றி! மகிழ்ச்சி! இல்லை.

அப்பாவின் விரல் மூன்றாவதின் மேலேயே நின்றது. அது மற்றதைவிடப் பெரிதாக இருந்ததால் அவருக்கு வசதியாக இருந்தது. நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

"இருக்கிறேன்னு ஒண்ணு வெக்க மாட்டீங்களா?"

"அத யாரும் அவ்வளவாச் சொல்றதில்லீங்க. வேணும்னா அய்யாவே பேசட்டும். ஆரம்பிச்சாப் போதும், நான் முடிச்சுத் தந்துருவேன்."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான்" என்றார்.

"நான் ஒரு மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று அந்தப் பெண் முடித்தார்.

அப்பா மறுபடியும், "நான் வந்து" என்றார்.

"நான் வந்து பார்க்கிறேன், இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் கண்டிப்பாக" என்று அவர் முடித்தார்.

அது என் குரல் இல்லை. ஆனால் அப்பாவுக்கு நான் வழக்கமாக அனுப்பும் வரி. ஒரு எழுத்து மாறவில்லை.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"இந்த போன்ல பழசா எது இருக்குதோ அதுல இருந்துதானுங்க."

"எனக்கு நல்லாத் தெரிஞ்ச வார்த்தைக" என்றார் அப்பா. சிரித்த முகமாகத்தான் சொன்னார். நான் டேப்பைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினேன். இரண்டாவது கட்டத்தில் எதுவும் எழுதாமல் வெளியே வந்தேன். மணி மூன்றரை.

மூன்றாவது கதவுக்குக் கைப்பிடி இல்லை. திறக்க வேண்டும் என்று நினைத்ததும் திறந்தது. உள்ளே ஒரு நாற்காலி. அதில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அப்பா பக்கத்திலும் நின்றார்.

நாற்காலிக்குப் பின்னால் இன் பண்ணிய வெள்ளைச் சட்டையில் ஒருவர் நின்றார். "இதுல நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டியதில்லீங்க. தொடவும் வேண்டாம், ஆரம்பிக்கவும் வேண்டாம். கேள்வி வந்தா இவரே பதில் போட்டுருவாரு. வருஷா வருஷம் போட்டுருவாரு. நீங்க ஊர்ல இல்லாட்டியும் போட்டுருவாரு. அய்யாவே இல்லாட்டியும் போட்டுருவாரு."

"அடேங்கப்பா" என்றார் அப்பா. நாற்காலியில் இருந்தவரைக் குனிந்து பார்த்தார். "வணக்கமுங்க" என்றார். அவரும் வணக்கம் சொன்னார்.

என்ன செய்வது என்று தெரியாதபோது என் கை அளக்க ஆரம்பித்துவிடும். கழுத்து அளந்தேன். தோள் அளந்தேன். கை நீளம், மார்புச் சுற்று, முழங்காலிலிருந்து பாதம். இவரை ஒரு முறை, அவரை ஒரு முறை. இடது கட்டைவிரலில் இருந்த தழும்பைக்கூட அளந்தேன். டிக்கெட் பெட்டி மூடி நசுக்கிய தழும்பு. இரண்டு பேருக்கும் ஒரு சென்டிமீட்டர். நிறம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாலும் ஒன்றுதான். நாற்காலிக்காரருக்குக் காதுமுடி கொஞ்சம் ஒழுங்காக இருந்தது. அது அரை சென்டிமீட்டருக்குள் வந்துவிடும்.

அளவு எல்லாம் சரியாக இருக்கும் பீஸைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. "ஓகே. அப்ரூவ்ட்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

"ரொம்ப சந்தோஷமுங்க" என்று வெள்ளைச் சட்டைக்காரர் நோட்டில் எழுதினார். "அப்ப ஒரிஜினல என்ன பண்றதுங்க? உங்க கம்பெனில என்ன பண்ணுவீங்க?"

"டேக் போட்டு சாம்பிள் ரூம்ல மாட்டிருவோம்" என்றேன். இதுவும் பழக்கத்தில் வந்ததுதான். என் வாயை நானே பொத்திக்கொண்டேன். அதற்குள் அவர் நோட்டுக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்து அப்பாவின் சட்டையில் இரண்டாவது பொத்தானில் கட்டினார். கட்டுவதற்கு வாகாக அப்பா நெஞ்சை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.

"இறுக்கமா இருக்குதுங்களா?"

"இல்லீங்க, செரியா இருக்குது."

"அப்பா, வேண்டாம்னு சொல்லுங்கப்பா!" என்று கத்தினேன்.

"நீ ஓகே சொல்லீட்டயே அம்மிணி" என்றார் அப்பா. "உனக்குத் தெரியாததா? நீ பாத்துச் சொன்னா செரியாத்தான் இருக்கும்."

சுவரில் ஒரு ஹேங்கர் மாட்டியிருந்தது. அதுவரை அதை நான் பார்க்கவில்லை. அப்பா அதன் பக்கம் நடந்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். கையில் கனமே இல்லை. இழுத்த வேகத்தில் நான்தான் கதவில் போய் முட்டினேன். அப்படியே இழுத்துக்கொண்டு தெய்வானை மேடத்தின் மேஜைக்கு ஓடினேன்.

"தெரியாமச் சொல்லீட்டேன் மேடம். அத வாபஸ் வாங்கோணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நான்கு. "அப்ரூவல் குடுத்தது குடுத்ததுதானுங்க. அய்யா தன் கையால ஒரு மெயில் போட்டு அது இந்த டேபிளுக்கு வந்துருச்சுன்னா ரத்து ஆயிரும். எந்த ஆப்புல வேணும்னாலும் போடலாம். அஞ்சு மணிக்குள்ள."

"எதுலப்பா போடறீங்க?" என்றேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்பதுபோல் இருந்தது.

"மொதோ ரூமே இருக்கட்டும்" என்றார் அப்பா. "அங்க காலாற நடக்க எடம் இருக்குது."

குச்சிக்காரர் மறுபடியும் படங்களை மாட்டினார். அப்பா இந்த முறை வெட்கப்படவில்லை. தண்ணீர் லாரியைப் பார்த்து, "பஸ்ஸுங்க, ரெண்டு நிமிஷம் சீக்கிரம் வந்துருச்சு" என்றார். கதவு திறந்தது. கூடம் தொண்ணூறு அடியானது. நூற்றிருபதும் ஆனது. அப்பா யார்மேலும் இடித்துவிடாமல் ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டு ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். நான் பின்னாலேயே போனேன். ஜன்னலை அடைந்தபோது மணி நான்கு பதினெட்டு.

அப்பா கைபேசியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். கிடைத்ததும், "இங்கிருக்குது பாரு" என்று என்னிடம் காட்டினார். பத்து நிமிடம் போனது. பதினைந்து போனது. எட்டிப் பார்த்தேன். மதிப்புக்குரிய அலுவலகத்தார் அவர்களுக்கு என்று எழுதியிருந்தார்.

"அப்பா! ஒரு வார்த்த போதும்ப்பா! இருக்கேன்னு போட்டு அனுப்புங்க!"

"மொட்டையா எப்படி அம்மிணி போடறது? நம்மள ஒரு வார்த்த கேட்டிருக்கறாங்க. நாமளும் திருப்பிக் கேக்கோணுமில்ல?"

அப்பாவுக்கு வானொலி நிலையத்துக்குத் தபால் அட்டை எழுதும் பழக்கம் உண்டு. பாட்டு வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் நிலையத்தில் எல்லாரும் சௌக்கியமா என்று முக்கால் அட்டைக்குக் கேட்பார். பாட்டின் பெயர் எழுத இடம் இருக்காது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். நான்கு நாற்பத்தொன்றுக்கு அனுப்பினார். அனுப்பிய பிறகு காட்டினார்.

"மதிப்புக்குரிய அலுவலகத்தார் அவர்களுக்கு, சென்னியப்பன் எழுதுவது. இங்கு நலம். தங்கள் நலமறிய அவா. அங்கு மழை உண்டா? தாங்கள் இருக்கிறீர்களா?"

அவ்வளவுதான். இருக்கிறேன் என்று அதில் இல்லவே இல்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அப்பாவைத் திட்டினேன். திட்டிக்கொண்டே அவரை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

தெய்வானை மேடம் மெயிலைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இருபத்தாறு வருஷமா எல்லாரையும் நான் கேக்கறேனுங்க" என்றார். "என்ன யாரும் கேட்டதில்ல."

"மேடம், அவரு இருக்கேன்னு எழுத மறந்துட்டாரு. மனசு வெச்சு..."

"ஆளில்லாமக் கேள்வி வருமுங்களா?" என்று முத்திரையை எடுத்துக் குத்தினார். முதல் முறையாக அப்பாவை நேராகப் பார்த்தார். "உக்காருங்கய்யா. மழையெல்லாம் இல்லீங்க."

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்ச் கிறீச்சென்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. சட்டையிலிருந்த அட்டையை அவரே பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டார். மேடம் தன் கைபேசியை எடுத்து "இருக்கேன்" என்று அப்பாவுக்குப் பதில் போட்டார். நெடுநேரம் போட்டார். மூன்றாவது அறையிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் வந்தார். நாற்காலியில் இருந்த அப்பாவைக் கச்சிதமாக மடித்து, பாலிபேக்கில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி எடுத்துக்கொண்டு போனார். மடிப்பு ரொம்ப நேர்த்தியாக இருந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"போலாமாப்பா?" என்றேன்.

"இரு. கை பழகீருச்சு. இன்னொண்ணு போட்டுட்டு வாறேன்."

உதட்டோரம் நாக்கைத் துருத்திக்கொண்டு தட்டினார். இப்போது வேகமாகத் தட்டினார். முடித்துவிட்டுக் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். என் கைபேசி அதிர்ந்தது. மணி நான்கு ஐம்பத்திரண்டு.

அப்பா எனக்குப் போட்ட முதல் மெயில்.

"அன்பு மகள் சுகந்திக்கு, அப்பா எழுதுவது. இங்கு நலம். உன் நலமறிய அவா. நீ இருக்கிறாயா? உனக்கு வேலை அதிகம் என்று தெரியும். ஒரு வரி போதும்."

படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இரண்டாம் முறை படித்தபோதுதான், அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் ஐந்து மணி விதிதான் என்பது நினைவுக்கு வந்தது.

"அப்பா, நான் இங்கதான் இருக்கறேன். உங்க பக்கத்துலதான் நிக்கறேன்."

அப்பா லிஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குங்கய்யா போட்டீங்க?" என்று மேடம் கேட்டார்.

"பொண்ணுக்குங்க. பனியன் கம்பெனில இருக்கறா. ஒரு நாளைக்கு எரநூறு மெயில் போடுவாளுங்க. எனக்கே மூணு வருஷம் அவதான் போட்டா."

"அப்ப உடனே வந்துருமுங்க."

"வந்துருமுங்க."

நான் பதில் என்ற இடத்தைத் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. விரலைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டுத் தொட்டேன். வேறு விரலால் தொட்டேன். கண்ணாடி என் விரலை எடுத்துக்கொள்ளவில்லை. பத்து விரலையும் வைத்து அழுத்தினேன். கண்ணாடியில் ஒரு ரேகைகூட விழவில்லை. "அப்பா, இத ஒருக்கா நீங்க தொடுங்கப்பா" என்று அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் கொட்டாவி விட்டார்.

"இன்னும் காணமுங்களே" என்றார் மேடம். மணி நான்கு ஐம்பத்தெட்டு.

"வேலையா இருப்பா" என்றார் அப்பா. "அவசரப்படுத்த வேண்டாமுங்க. மெதுவாப் போடட்டும்."

நான் அழுத்திக்கொண்டே இருந்தேன்.